பின் சீட்டில் யார்

கார்பரேட்டரைக் காணோம்.

முந்தின நாள் சாயங்காலம் மெக்கானிக் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஷெட்டில் மோட்டார் சைக்கிளின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவளே கண்ணால் பார்த்தாள். காலையில் செய்தித்தாள் மட்டும்தான் கிடந்தது. அதுவும் அழகாக நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அவளுடைய வீட்டுக்காரர், பல் தேய்த்துக்கொண்டே. "எந்த மெக்கானிக்கை வேணாலும் கூப்பிடு, அந்தப் போல்ட்டுங்கிற ஆளு மட்டும் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"திருட வந்தவன் பேப்பரை மடிச்சு வெச்சுட்டா போவான்?"

"கைதேர்ந்தவன் அப்படித்தான் செய்வான்."

அவளுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எல்லாரும் 'செக்கிங் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோணல் தையல், தொங்கும் நூல், ஒரு நூலிழை தள்ளிப்போன பொத்தான், எதுவும் அவளிடம் தப்பாது. பழைய சட்டை ஒன்றைக் கையில் கொடுத்தால், காலரும் முழங்கையும் தேய்ந்திருக்கிற தினுசைப் பார்த்தே போட்டவருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுவாள். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். அவள் வீட்டிலேயே ஒரு கார்பரேட்டர் காணாமல் போனால் சும்மா விடுவாளா?

வண்டி வீட்டுக்காரருடையது. அவருடைய மாமா வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்பார். கறுப்புக் கண்ணாடி, சுருட்டிவிட்ட சட்டைக் கை, விரலில் சுழலும் சாவி. அவள் பஸ் ஏறும்வரை இடத்தை விட்டு அசைய மாட்டார். "நீ முதல்ல கிளம்பு, அப்புறம்தான் நான் வண்டியை எடுப்பேன்" என்பார். இப்படி ஒரு மரியாதை தெரிந்த ஆளா என்று அதிலேயே அவள் விழுந்துவிட்டாள்.

கல்யாணம் முடிவான வாரமே இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது என்றார். வண்டி ஷெட்டுக்குள் போனது. அன்றிலிருந்து அவர் பஸ்தான். வேறு வண்டி வாங்கலாமே என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அதை ஓட்டின கையால இன்னொரு வண்டியைத் தொட மாட்டேன்" என்று ஒரே பதில். அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று ஆனதும் அவளுக்குள் அந்தப் பழைய ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு அந்த வண்டியில் தொழிற்சாலை வாசல் வரைக்கும் ஒரு தடவை போக வேண்டும். அவ்வளவுதான். இந்த வயதில் இதென்ன கிறுக்குத்தனம் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆசை போகவில்லை.

இத்தனை பழைய வண்டிக்கு போல்ட்டு ஒருத்தர்தான் லாயக்கு என்று எல்லா மெக்கானிக்கும் கைகாட்டினார்கள். எந்நேரமும் பல்லிடுக்கில் ஒரு போல்ட்டைக் கடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். வந்த அன்றைக்கு அவர் தார்ப்பாயை விலக்கிவிட்டு, வண்டியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்துகூடப் பார்க்காமல் டாங்க்குக்கு அடியில் கையை விட்டு பெட்ரோல் வால்வைத் திருகினார்.

"இது தலைகீழா மாட்டியிருக்கும்க்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாடலே அப்படித்தான்," என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கார்பரேட்டர் போன பிறகு ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. வீட்டுக்காரரே கடைக்குப் போய் வாங்கி வந்து, சாவியை அவள் கையில் கொடுத்தார். மறுநாள் அவள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருந்தது; உள்ளே வண்டியின் கிக்கரைக் காணோம்.

"பூட்டைத் திறக்காமலேயே எடுத்திருக்கான் பாரேன்," என்று வியந்தார் வீட்டுக்காரர். "அவனைப் பத்தி என்ன நினைச்சே?"

மோட்டார் சைக்கிளை ஹாலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். சோபா சமையலறைக்குப் போனது. தரையெல்லாம் ஆயில் சொட்டியது. டிவி பார்க்க வேண்டுமானால் ஹேண்டில்பாருக்கு நடுவே தலையை நுழைக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஸ்பார்க் பிளக் போய்விட்டது. ஹாலுக்குள் அவளையும் வீட்டுக்காரரையும் வேலை பார்க்க வந்த போல்ட்டையும் தவிர ஈ காக்கா நுழையவில்லை. அவள் எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு எடுக்க ஒரு காரணமும் இல்லை. அப்படியானால் போல்ட்டு.

மிச்சமிருந்த சின்னப் பாகங்களையெல்லாம் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தொழிற்சாலை வாசலில் காவலாளி பையைத் திறந்து செயினை வெளியே இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

"மேடம், இங்கேருந்து எடுத்துட்டுப் போறவங்களைப் பிடிக்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. உள்ளே கொண்டு வர்றவங்களை என்ன பண்றதுன்னு தெரியலை," என்றார் அவர். முதலாளிவரைக்கும் பேச்சு போனது. மானம் கப்பலேறிவிட்டது.

கடைசியில், திருடன் கடையிலேயே வைத்துவிட்டால் அங்கே தொலைவதற்கு அவரே பொறுப்பு என்று வண்டியை போல்ட்டின் பட்டறைக்கு அனுப்பினாள். தொலைந்தவற்றுக்குப் பதிலாக வேறு பாகங்களை அவரே தேடிப்பிடித்து மாட்டினார். அங்கே எதுவுமே காணாமல் போகவில்லை. இது அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"இன்ஜின் ஜாம் ஆனதை எப்படிச் சரி பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"ஜாமா? இன்ஜின் அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு," என்று சொன்ன போல்ட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். சீட்டைப் பார்த்தாள். முன் சீட்டின் தோல் ஓரளவு தேய்ந்திருந்தது. பின் சீட்டோ நடுவில் குழிந்து, பஞ்சு தெரிய ஆரம்பித்திருந்தது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் வார், இழுத்து இழுத்துத் தொய்ந்து கிடந்தது. பின் கால்கட்டையின் ரப்பர் வழவழவென்று ஆகியிருந்தது. செக்கிங் மேடத்தின் கண்ணுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் காட்ட முடியாது. அவள் ஒரு தடவைகூட ஏறாத அந்தப் பின் சீட்டில் தினமும் யாரோ உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

கல்யாணம் முடிவான வாரம் நல்ல வண்டியை மூலையில் போட்டதற்குக் காரணம் புரிந்துவிட்டது.

"பயந்த சுபாவம்," என்றாள் வாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. "உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. காலை ஊன்றி ஊன்றி ரப்பரே போச்சு. குண்டா?"

"அப்போ ஒல்லிதான்," என்றார் போல்ட்டு. உடனே வாயில் இன்னொரு போல்ட்டையும் வைத்துக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கும் தெரியும்."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து, நேரம் சொல்லாமல் பட்டறைக்குப் போனாள். தகரக் கதவுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. ஒன்று வீட்டுக்காரருடையது. இன்னொன்று போல்ட்டுடையது; அது அவரை 'டா' போட்டுப் பேசியது.

"இன்னும் எத்தனை நாளைக்குடா நான் திருட்டுப் பட்டம் சுமக்கிறது?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அவளுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

"அந்தக் காலத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பாளா?"

அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். வீட்டை அலசினாள். பரணில் வீட்டுக்காரருடைய லென்ஸ் பெட்டிக்குப் பின்னால் கார்பரேட்டர், கிக்கர், ஸ்பார்க் பிளக் மூன்றும் இருந்தன. பக்கத்தில் புதுப் பூட்டின் இரண்டாவது சாவியும் இருந்தது.

"திருடன் கையில சிக்கக் கூடாதேன்னு நான்தான் பத்திரப்படுத்தினேன்," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

பழைய நினைப்பு கலையக் கூடாது என்றுதான் மனுஷன் வண்டியை ஓடவிடாமல் செய்திருக்கிறார். இத்தனை வருஷமும் தன்னோடு குடும்பம் நடத்தினவருடைய மனதில் அந்த ஒல்லிப் பெண் வண்டியேறிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு போல்ட்டுக்கு போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி வீட்டு வாசல்ல நிக்கணும்."

நின்றது. டாங்க் பளபளத்தது. போல்ட்டு ஒரே மிதியில் ஸ்டார்ட் செய்து காட்டினார். தடதடவென்ற சத்தம் தெருவை நிறைத்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பின் சீட்டை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். சாட்சி அழியக் கூடாதல்லவா?

"முழங்கால் வலி," என்றார் வீட்டுக்காரர்.

"ஏறுங்க."

"ஹெல்மெட் இல்லை."

அவள் புது ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்து, வாரையும் மாட்டிவிட்டாள். அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். அவள் பின்னால் ஏறினாள். குழிந்த அந்த இடத்தில் உட்காரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அவர் தோளில் கை வைத்தாள்.

வண்டி நகரவில்லை.

"எடுங்க."

அவர் எடுக்கவில்லை. ஹேண்டில்பாரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்றாள் அவள்.

"எந்தப் பொண்ணு?"

"இந்தப் பின் சீட்டைத் தேய்ச்சவ. ஒல்லியா, பயந்தாங்கொள்ளியா ஒருத்தி. என்னை ஒரு நாளாவது இதுல ஏத்துனீங்களா? நான் பஸ் ஏறுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் அவளைத்தானே கூட்டிட்டுப் போனீங்க? உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா இப்பவே வண்டியை எடுங்க."

வீட்டுக்காரர் கிளட்சைப் பார்த்தார். ஆக்சிலேட்டரைப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாக நின்ற முகங்களைப் பார்த்தார். நெற்றி வியர்வை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வழிந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா," என்றார். "ஒருத்தி இருந்தா."

அவள் கை அவர் தோளிலிருந்து விலகியது.

"நல்லது. நான் நம்ம பொண்ணு வீட்டுக்குப் போறேன். நீங்க அவ ஞாபகத்தோடவே இருங்க," என்று சொல்லி ஒரு காலைக் கீழே வைத்தாள்.

இத்தனை நேரமும் சுவரோரமாக நின்றிருந்த போல்ட்டு, வாயிலிருந்த போல்ட்டைத் துப்பினார்.

"இறங்காதீங்கக்கா, அந்தப் பின் சீட்டைத் தேய்ச்சது எந்தப் பொண்ணும் இல்லை, இவன்தான்; தினம் இவனைப் பின்னால வெச்சு உங்க ஃபேக்டரி முனை வரைக்கும் ஓட்டிட்டு வந்து, வாசலுக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்லி வண்டியைக் கொடுத்தது நான், இவனுக்கு இன்னைக்கு வரைக்கும் சைக்கிள்கூட விடத் தெரியாது."