கன்னியப்பன் கட்டிய பட்டை

மனைவி திட்டக்கூடாது என்று டாக்டர் வாயாலேயே தடை வாங்கிவிடுவது எனக் கன்னியப்பன் முடிவு செய்தான். வல்லக்கோட்டையில் அதுவரை எந்தப் புருஷனுக்கும் உதிக்காத யோசனை.

கன்னியப்பனுக்குப் படபடப்பு உண்டு. ஒரகடத்தில் கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலை. சூப்பர்வைசர் தும்மினால் இவனுக்கு வேர்க்கும். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் நெஞ்சு தவிலாகிவிடும். இதயத்தில் கோளாறில்லை, மனப்பதற்றம்தான் என்று சொன்ன டாக்டர் சசிகலா, பதற்றக்காரர்களின் உடம்பு எதற்கெல்லாம் துடிக்கிறது என்று அளந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இவன் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். நாடித்துடிப்பு, வியர்வை எல்லாம் அதில் பதிவாகும். பதற்றமான நேரத்தில் அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் கிராஃபில் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும்.

மனைவி ஜோதி வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு அழுத்து! கிராஃப் பேசும், டாக்டர் தடை போடுவார்.

ஜோதி திட்டுவதற்குக் காரணம் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கம்பெனி பஸ் இந்தப் பக்கம் வராது. ஸ்கூட்டர் வேண்டும். லாரிகளுக்கு நடுவே ஜோதி வண்டி ஓட்டுவதை நினைத்தாலே கன்னியப்பன் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பான்.

"அடுத்த மாசம் வேலைல சேரணும். வண்டிக்கு இன்னா சொல்ற?"

"ரோட்ல லாரிய பார்த்தியா? ஒவ்வொண்ணும் நம்ம வூடு சைசுல கீது!"

"உன்னையே கட்டி மேய்க்கறேன், லாரிக்கா பயந்துடுவேன்? பக்கத்து வூட்டு மெர்சி ஓட்டல? அவ புருஷன் உன்ன மாதிரியா குந்திகினு நடுங்கறான்?"

கன்னியப்பன் அழுத்தினான்.

"இன்னாய்யா, பேசப் பேச கொசு நசுக்கறாப்ல நசுக்கிகினே கீற?"

"டாக்டர் சொன்னது. நீ நிறுத்தாத, பேசு."

அவள் ஏன் நிறுத்தப்போகிறாள்? வாரக் கடைசியில் இவனுக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

டாக்டரிடம் ஜோதியையும் கூட்டிப்போனான். தீர்ப்பு வாசிக்கும்போது எதிராளி இருக்க வேண்டாமா? சசிகலா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார்.

"பட்டன் அழுத்தின இடத்துல எல்லாம் துடிப்பு எவ்வளவு நிதானமா இருக்கு பாருங்க! தூங்குற குழந்தை மாதிரி. அந்த நேரத்துல தியானம் பண்ணீங்களா?"

"திட்டு வாங்கினேன், மேடம்."

"அப்ப சனிக்கிழமை சாயந்தரம்? பட்டனே அழுத்தலை. ஆனா துடிப்பு எகிறியிருக்கு, வேர்த்துக் கொட்டியிருக்கு. என்ன நடந்தது?"

கன்னியப்பன் யோசித்தான். "ஒண்ணும் நடக்கல, மேடம். அன்னிக்கி இவ பேசவே இல்ல."

"தொண்ட வலி, மேடம்," என்றாள் ஜோதி. "சுடுதண்ணி குடிச்சிகினு சும்மா குந்தியிருந்தேன்."

சசிகலா சிரித்துவிட்டார். "திட்டினா அவங்க மனசுல இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிடுது. பேசாம இருந்தா தெரியறதில்லை. அதான் பதறுது."

ஜோதியின் கண்ணில் ஒரு மின்னல் அடித்தது. லைனிலேயே வேலை பார்ப்பவனுக்குக் கிராஃபில் தன் லைன் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியவில்லை. பட்டை கட்டப் போய்ப் பட்டை நாமம் போட்டுக்கொண்டு திரும்பினான்.

சாயந்தரம் ஜோதி டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பேசவில்லை.

"இன்னா, தொண்ட வலியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னேனே, அதுக்கா?"

புன்னகைத்தாள். அது இன்னும் மோசம். கன்னியப்பன் ஈரத்துண்டை வேண்டுமென்றே மெத்தைமேல் போட்டான். மற்ற நாளாக இருந்தால் கல்லைப் பிளக்கிற திட்டு விழும் குற்றம் அது. ஜோதி அதை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடி எதிரே உட்கார்ந்தாள். கன்னியப்பனுக்கு இதயம் காதுக்குள் அடித்தது.

"எந்தக் கலர் வண்டி ஓணும்? சொல்லித் தொலையேன்!"

"செவப்பு," என்றாள் ஜோதி. "லைசென்ஸ் போன மாசமே எடுத்துட்டேன். மெர்சி வண்டிலதான் ஓட்டிக் காட்டினேன்."

சிவப்பு ஸ்கூட்டர் வந்தது. வேலையில் சேரும் நாளில், காவலுக்கு வருவதாகச் சொல்லிக் கன்னியப்பன் பின்னால் ஏறிக்கொண்டான். ஹெல்மெட்டைச் சரியாக மாட்டவில்லை, ஆடுகிறான், தொந்தியால் தள்ளுகிறான் என்று ஜோதி வழியெல்லாம் பொரிந்துகொண்டே ஓட்டினாள். அவனும் சொகுசாக வந்தான். நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்து உறுமியது. ஜோதி வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

கன்னியப்பன் கண்ணை இறுக மூடி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினான்:

"ஜோதி, எதுனா திட்டேன்!"