காலை எடுத்தால் நின்றுவிடும் கார்

நன்றாக ஓடுகிற காரை இன்னும் நன்றாக ஓடவைக்கிறேன் என்று கிளம்பும் ஒரு ரகம் மனிதர்கள் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டையில் கிரீஸ், பையில் ஸ்பானர், வாயில் எப்போதும் ஒரே பேச்சு: "எஞ்சின் வேகம் மேலே ஏறினாத்தான்லா பேசும்!"

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு இந்த ரகத்துக்குத் தலைவர். பழைய கார் ஒன்று வாங்கினார். சாதுவான வண்டி. சும்மா விடுவாரா? எஞ்சின் தலையைச் சீவினார், வால்வைத் திறக்கும் தண்டை மாற்றினார், உள்ளே சுற்றும் கனத்த சக்கரத்தை இழைத்து இழைத்து அப்பளமாக்கினார், புகைக்குழாயைப் பாதியில் அறுத்தார், கடைசியில் பந்தயக் குதிரையாக ஓர் எஞ்சின் பிறந்தது. பெட்ரோல் குடிப்பதில் கள்ளுக்கடை ஆட்களே அதனிடம் தோற்றார்கள். பறக்கச் சொன்னால் பறக்கும். மெதுவாகப் போகச் சொன்னால் செத்துவிடும்.

எங்கே பறப்பது? குண்டும் குழியுமான செம்மண் பாதையிலா? இது காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடும் அவசரகாலம். மைலுக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு நாலு துப்பாக்கி. "பெலான், பெலான்!" என்று மெதுவாக வரச் சொல்லிக் கை காட்டுவார் சிப்பாய். மெதுவாகப் போனால் எஞ்சின் நிற்கும். நிற்காமலிருக்க மிதித்தால் அது உறுமும், உடனே நாலு துப்பாக்கியும் நிமிரும்.

இந்தக் காரில்தான் தங்கராஜு ராசா என்ற ஊருக்குத் தமக்குப் பெண் பார்க்கப் போனார். எத்தனையோ இடம் தட்டிப்போய், கடைசியாக அமைந்த வரன். மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து முள்வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் பேசி முடித்துத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடுப்பிலும் வண்டி நின்றது. பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளியது அக்கா நீலாவதி. வெற்றிலைத் தட்டு மட்டும் முன்சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து வந்தது.

"பஸ்ஸுல போயிருக்கலாம்லடா!"

"பஸ் எஞ்சின் மேலே ஏறாதுக்கா!"

பெண் வீட்டு வாசலுக்கு வந்தாயிற்று. எஞ்சினை அணைத்தால் மறுபடி உயிர் வருமா? நேரமோ ஓடுகிறது. மாப்பிள்ளை இறங்கவே இல்லை. அலறும் காருக்குள் காலை அழுத்தியபடி சிரித்துக்கொண்டிருந்தார். ராசா ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பெண், பெயர் பஞ்சாலை, காபியைக் கார் ஜன்னலுக்கே கொண்டுவந்தாள். கார் ஆட, கை ஆட, காபி முழுவதும் பட்டு வேட்டியில் இறங்கியது.

"கொஞ்சம் உள்ளே வந்து உக்காருங்க மாப்பிள்ளே!" என்று பெண்ணின் அப்பா கத்தினார்.

"காலை எடுத்தா நின்னுரும் மாமா!"

பஞ்சாலை வெற்றிலைத் தட்டை நீலாவதி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "ஒரு காபி குடிக்கிற நேரத்துக்கு எனக்காகக் காலை எடுக்க முடியல. இவரு கூட எப்படிக்கா குடும்பம் நடத்துறது?"

கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. தங்கராஜுவுக்கு? திரும்பும் வழியெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டு யோசித்துவிட்டு, வண்டி தள்ளிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னாராம்: "கார்புரேட்டர் ஒண்ணு பத்தலைக்கா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த உங்கள் வீட்டு ரேடியோவைப் போன வாரம் எதற்குக் கழற்றினீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். மறுபடி மாட்டியபோது மிஞ்சிய திருகாணிகளைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, வீட்டு அம்மாள் பார்த்தாயிற்றா?