பொந்தியான் வான்கோழிகள் பற்றிய உளவறிக்கை

மதிப்பும் அன்பும் மிக்க பெனடிக்ட் மச்சானுக்கு,

பொந்தியானிலிருந்து லூயிஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் நலம்; பத்து பாகாட்டில் உங்கள் முழங்கால் நலமா? வாட்சப்பில் அனுப்பினால் உங்கள் தங்கை டோரிஸ் படித்துவிடுவாள். ஆகவே தபால்.

கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிய மூன்று வான்கோழிகள் வேலி தாண்டிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிப்போனது உங்களுக்குத் தெரியும். இப்போது அவை முழுக் காட்டுப்பறவைகள். ஈஸ்டருக்கு மகள் ஷர்மைனைக் கட்டப்போகிறவர் வீட்டார் சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாக வருகிறார்கள். சம்பந்தியிடம், காட்டு வான்கோழிக் குழம்பு என்று வாயை விட்டுவிட்டேன். குழம்பு இல்லையென்றால் என் மானம் போய்விடும். நீங்களும், "துப்பாக்கியோட நான் வந்துடறேன் மாப்ள, எங்க மேயுது, எங்க தூங்குதுன்னு மட்டும் பாத்து வைங்க" என்றீர்கள். தோட்ட முதலாளி தவுக்கேயும் அங்கே சுட்டுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

சாம்பல் புதன் முடிந்த மறுநாள் காலையே வேவு பார்க்கக் கிளம்பினேன். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கியதில் கட்டெறும்பு கால்சட்டைக்குள் புகுந்து, நான் அதைக் கழற்றி உதறிக்கொண்டிருக்கும்போது தோட்டத்தைக் காவல் காக்கும் ஜாகாக்காரர் வந்து, "அங்கிள், இங்க என்னா பண்றீங்க?" என்றார், பழக்குலை திருட வந்தவன் இப்படி நிற்கமாட்டான் என்று அவரே முடிவுசெய்து போய்விட்டார், அடுத்த நாள் ரொட்டிக்கார மணியம் சாலையில் ஹாரன் அடிக்க, உள்ளேயிருந்து வான்கோழிச் சேவல் கொளகொளவென்று பதில் சொன்னது, எந்தச் சத்தம் கேட்டாலும் பதில் சொல்லாமல் அதனால் இருக்க முடியாது என்று கண்டுகொண்டு மணியத்தைத் தோட்டத்துக்குள்ளேயே கூட்டிப்போய் ஹாரன் அடிக்க வைத்தேன், வேலையாட்கள் பதினொரு பேரும் ரொட்டி வாங்க ஓடிவந்தார்கள், பறவைகள் ஓடிவிட்டன. "நாளைக்கும் வரட்டா சார்?" என்றார் மணியம். வேண்டாம் என்றேன்.

பிறகு தினமும் ஒரே இடத்தில் சோளம் தூவினேன். வந்தன. தவக்காலத்தில் வீட்டில் கறி கிடையாது என்பதால் முதல் வாரம் அவற்றைக் குழம்பாகத்தான் பார்த்தேன். சேவல் என் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன்னையே பார்த்து, எதிரி என்று கொத்தி உடைத்தது. ஒரு பெட்டை ஒன்பது முட்டைகளை அடைகாக்கிறது. அதன் பக்கம் போகவேண்டாம். மற்ற இரண்டும் மாலை ஏழு மணிக்கு வாய்க்கால் ஓரத்து ரப்பர் மரத்தில் ஏறுகின்றன. சனிக்கிழமை வந்தால் சேவலைச் சுலபமாகச் சுடலாம். எனக்கு அதனிடம் எந்த ஒட்டுதலும் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை மாதா காப்பாற்றட்டும்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
லூயிஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒன்று. சோளம் போடும்போது சேவலைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி நடப்பதாலும், யார் பேசினாலும் நடுவில் பேசுவதாலும், பெனடிக்ட் என்று வைத்தேன். தவறாக எண்ணவேண்டாம். இன்று காலை என் பின்னாலேயே நடந்து வீட்டுக்கே வந்துவிட்டார். டோரிஸ், "அண்ணே, சாப்புடுங்க" என்று சோளம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை சுட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், இன்று முடியவில்லை. துப்பாக்கி வேண்டாம். பத்து பாகாட் பசாரில் நாலு கிலோ கோழி வாங்கி, வெட்டிச் சுத்தம் செய்து கொண்டுவாருங்கள். சம்பந்தியிடம் அதை வான்கோழி என்பேன். நீங்கள் தலையாட்டினால் போதும். எந்தக் கோழியானாலும் சரி, பெயர் வைக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.