அடுப்பைச் சுட்ட துப்பாக்கி

உயிரே போனாலும் என் மான் வேட்டைத் துப்பாக்கியை எவனுக்கும் கொடுக்க மாட்டேன் என்று, அமெரிக்காவின் ஓஹையோவில் எங்கள் ஊர் டோனட் கடையில் மேஜையைத் தட்டிச் சபதம் செய்தவன் நான். கைதட்டல் தெருவரை கேட்டது. வீட்டுக்கு வந்தால் என் மனைவி டோரீன் வாசலிலேயே நின்றாள்.

"சனிக்கிழமை சர்ச்ல போலீஸ்காரங்க துப்பாக்கியை வாங்கிக்கிட்டு மளிகைக் கடைப் பரிசு அட்டை தர்றாங்களாம். கட்டாயமில்ல, விருப்பப்பட்டவங்க கொடுக்கலாம். நீங்க விருப்பப்படுறீங்க."

"வெச்சுக்கறது என் உரிமைடி! அரசியல் சட்டத்துலயே இருக்கு!"

"அடுப்பைச் சுடலாம்னு இருக்கா?"

போன நன்றித் திருநாள் வான்கோழி விருந்தன்று, சமையலறையில் துப்பாக்கியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று விசையை அழுத்தித் தொலைத்தேன். குண்டு அடுப்புக் கதவைத் துளைத்து, உள்ளே வெந்துகொண்டிருந்த வான்கோழியை இரண்டாம் முறை கொன்றது. அப்போதுதான் டோரீன் அங்கிருந்து நகர்ந்திருந்தாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் மான் வேட்டை சீசன் வருகிறதே!

நண்பன் வெர்னனின் கொட்டகையில் கிடந்த, சுடவே சுடாத துருப்பிடித்த துப்பாக்கியைக் கெஞ்சி வாங்கி, என் துப்பாக்கி உறைக்குள் போட்டு, கார் டிக்கியில் வைத்தேன். என்னுடையதைக் கம்பளியில் சுற்றி, நிலவறையில் ஃப்ரீசருக்குப் பின்னால் ஒளித்தேன்.

சனிக்கிழமை சர்ச் வாசலில் கார் வரிசை. யாரும் கீழே இறங்கக் கூடாது. துப்பாக்கி டிக்கியில் இருக்க வேண்டும். பேர், ஊர் எதுவும் கேட்க மாட்டார்கள். போலீஸ்காரர் டிக்கியைத் திறந்து உறையைப் பிரித்தார்.

"அடேயப்பா, அருமையான சாமான் சார்! கொடுக்க எப்படி மனசு வந்துச்சு?"

வெர்னனின் துருவைக் கேலி செய்கிறார் என்று நானும் சிரித்து வைத்தேன். மளிகைக் கடைப் பரிசு அட்டைகளை டோரீன் ஜன்னல் வழியே வாங்கிப் பையில் போட்டாள்.

வீடு வந்ததும் சீட்டியடித்தபடி நிலவறைக்கு இறங்கினேன். ஃப்ரீசருக்குப் பின்னால் கம்பளி மட்டும் இருந்தது. அழகாக மடித்து வைத்திருந்தது.

"டோரீன்! ஃப்ரீசருக்குப் பின்னால இருந்த..."

"என்ன இருந்துச்சு?"

"ஒ... ஒண்ணுமில்ல. டிக்கியில நீ எதாவது வெச்சியா?"

"கேள்வி கேக்கக் கூடாதுன்னு அங்க பெரிசா எழுதிப் போட்டிருந்தாங்களே, பார்க்கலையா?"

"அடிப்பாவி! என் துப்பாக்கியை..."

"அதைத்தான் நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போய்க் கொடுத்தாச்சே!"

பையைத் திறந்து அட்டைகளை என் கையில் வைத்தாள்.

"போய் நல்ல வான்கோழியா வாங்கிட்டு வாங்க. இந்த வருஷம் அது ஒரு தடவை செத்தாப் போதும்."