பீப் சாரும் இருபத்திநாலு புள்ளி மூணும்

நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் ஒரு தடவையாவது நெஞ்சு அதிரப் பாட்டுக் கேட்டுவிடுவது என்று பீப் சார் முடிவெடுத்தார்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது மருத்துவமனை. செவிப் பரிசோதனைக்கு வருகிறவர்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டுவதை மாட்டி, "பீப்" என்று ஒரு சத்தம் விடுவார். "கேக்குதா?" என்பார். கேட்டால் கையைத் தூக்கவேண்டும். அந்த அறையின் சுவர் முழுக்க பஞ்சு மெத்தை. ஒரு ஈ உள்ளே வந்தால்கூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரும். பதினெட்டு வருஷமாக அந்த நிசப்தத்தில் எறும்பு இருமுகிற அளவுக்குச் சத்தம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, டம் டம் என்று ஒரு சத்தத்தின்மேல் ஆசை வந்ததில் என்ன தப்பு?

தப்பு இல்லைதான். ஆனால் கார் இரண்டு பேருக்கும் பொது.

அவருடைய மனைவி மின்சார மீட்டர்களைச் சோதிக்கிற கூடத்தில் அதிகாரி. வீட்டு மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா, யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் காரைத் தேடித் தேடி வாங்கியதும் அவள்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முன்னால் இருக்கிற திரை காட்டும். இருபத்திநாலு புள்ளி மூணு. அந்த எண்ணை அவள் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

"டிக்கியில ஒரு பெரிய ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிஃபயர். அவ்வளவுதான்" என்று ஒருநாள் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"அது கரண்டு குடிக்காதா?"

"குடிக்கும். பேட்டரியில இருக்குல்ல?"

"பேட்டரிக்கு யாரு குடுக்கறா?"

"இன்ஜின்."

"இன்ஜினுக்கு?"

பீப் சார் தண்ணீர் குடித்தார்.

"பெட்ரோல்" என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். "அதோட அந்தப் பெட்டியோட கனம் வேற."

"ஒரு சொட்டுகூடக் குறையாது."

"அப்படியா? நான் அஞ்சு நாள் பயிற்சிக்கு வெளியூர் போறேன். திரையில ஓடுற கணக்கைப் பூஜ்யமாக்கிட்டுப் போறேன். நீங்க மாட்டி ஓட்டுங்க. திரும்பி வரும்போது குறையலைன்னா அது இருக்கட்டும். குறைஞ்சா கழட்டிரணும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

அவள் ரயில் ஏறிய அன்றே பீப் சார் ஸ்பீக்கர் கடையில் இருந்தார். கடைக்காரர் மாற்று டயர் இருந்த குழியைக் காலிசெய்து அதில் ஒரு பெட்டியை இறக்கினார். பாட்டைப் போட்டார். டம்! பீப் சாரின் சட்டைப் பொத்தான் ஆடியது. டம்! பதினெட்டு வருஷப் பஞ்சு மெத்தை பறந்தது. கேட்கிறது என்பதுபோல அவர் தன்னை அறியாமல் கையைத் தூக்கினார்.

இரண்டு நாள் சொர்க்கம். மருத்துவமனைக்குப் போக நேர் சாலை இருக்க, ஊரைச் சுற்றிப் போனார். மூன்றாம் நாள் காலையில்தான் திரையைப் பார்த்தார். இருபது புள்ளி எட்டு.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அவருடையதையும், திரையுடையதையும். எண் மாறவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"இவ்வளவு குறையாதே சார். ஏதோ கொஞ்சம், தெரியாத அளவுக்குத்தான் குறையும். எதுக்கும் வண்டியை நிறுத்திட்டுப் பாட்டுக் கேக்காதீங்க. பேட்டரி இறங்கினா பெட்ரோல் குடிக்க இன்ஜின் தானா முழிச்சுக்கும்."

"என் வீட்டுக்காரி முழிச்சுக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது வழி சொல்லுங்க!"

"பாரத்தைக் குறைங்க சார்."

பீப் சார் குறைத்தார். ஜாக்கி, குடை, முதுகுக்கு வைக்கிற மெத்தை, முன்சீட்டு எதிரே இருக்கிற சின்ன அறையில் கிடந்த பழைய வரைபடம் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கினார். டயரில் காற்றை அடித்து அடித்துக் கல்லாக்கினார். ஏசியை அணைத்தார். ஜன்னலைத் திறந்தால் காற்று தடுக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம்; அதையும் சாத்தினார். பாட்டை நிறுத்தினார். வேகம் முப்பத்தைந்து. வேகவைத்த கிழங்குபோல உள்ளே உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டர் மிதியைப் பச்சைப் பிள்ளையின் பாதத்தைத் தொடுவதுபோலத் தொட்டு ஓட்டினார். சைக்கிளில் போன ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா?" என்று கேட்டாள்.

பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர் பட்ட பாடு இது. ஆனால் எண் ஏறியது. இருபத்திரண்டு. இருபத்திமூன்று. ஐந்தாம் நாள் மத்தியானம் பார்த்தால் இருபத்திநாலு புள்ளி ஒன்பது!

வெற்றிக் களிப்பு ஒரு நிமிஷம். அப்புறம் பகீரென்றது. இத்தனை கனமான பெட்டியை ஏற்றின வண்டி எப்படி முன்னைவிட நன்றாக ஓடும்? அவள் என்ன, கைநாட்டா? பீப் சார் உடனே மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, பாட்டையும் அலறவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். புள்ளி எட்டு... புள்ளி ஆறு... புள்ளி நாலு... புள்ளி மூணு. படக்கென்று அணைத்தார். அந்த எண் இனி அசையக்கூடாது என்று, பழுது பார்க்கிற வண்டியை வரவழைத்து, ரயில் நிலையம்வரை காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மனைவி வந்தாள். காரில் ஏறினாள். திரையைப் பார்த்தாள்.

"இருபத்திநாலு புள்ளி மூணு."

"சொன்னேன்ல? ஒரு சொட்டுகூடக் குறையல" என்றார் பீப் சார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"என் கையில ஓடும்போதே ஒரு வாரம் இருபத்திநாலு புள்ளி ஒண்ணு வரும், ஒரு வாரம் புள்ளி ஆறு வரும். சராசரிதாங்க புள்ளி மூணு. உங்க கையில மட்டும் அச்சுல வார்த்த மாதிரி வருது. எங்க ஆபீஸ்ல ஒரு மீட்டர் இப்படி நல்ல பிள்ளையா இருந்தா, முதல்ல அதோட சீலைத்தான் உடைச்சுப் பாப்போம்."

இறங்கினாள். டயரை விரலால் தட்டினாள். டிக்கியைத் திறந்தாள். "ஜாக்கி எங்கே? குடை எங்கே?" கடைசியாக அவருடைய சட்டையைப் பார்த்தாள். முதுகில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. "ஏசி எங்கே?"

"அது..."

"ஊருக்கெல்லாம் காதைச் சோதிக்கிறவர், எனக்கே காது குத்துறீங்களே!"

பீப் சார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இழுத்துவந்த வண்டி உட்பட. ஆனால் கெஞ்சுவதை விடவில்லை. "சத்தியமா அந்தப் பெட்டி மேல தப்பு இருக்காது. கடைக்காரரே சொன்னார், ஏதோ கொஞ்சம்தான்னு. கழட்டாதே. எனக்கு நாள் பூரா பீப்பு மட்டும்தான்."

அவளுக்கும் மனசு இளகியிருக்கவேண்டும். "சரி, சோதிச்சுரலாம்" என்றாள்.

டயர் காற்றைச் சரிசெய்து, இறக்கின சாமான்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, பாட்டையும் அதிரவிட்டு ஒவ்வொரு முறையும் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு ஆற்றுப் பாலம்வரை இரண்டுமுறை போய்வந்தார்கள். முதலில் அவள் ஓட்டினாள். இருபத்திமூணு புள்ளி எட்டு.

"பாத்தியா, பாத்தியா! அரைதான் குறைஞ்சிருக்கு!" பீப் சார் குதித்தார்.

அடுத்து அதே வழி, அதே பாட்டு, அவர் ஓட்டினார். அவள் சாலையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டம் என்றால் கால் ஒரு அழுத்து. டம் டம் என்றால் இரண்டு அழுத்து. சரணம் முடிந்து தாளம் உச்சத்துக்கு ஏறினபோது கார் பாலத்தின்மேல் பறந்தது. திரும்பி வந்து நின்றபோது பத்தொன்பது புள்ளி மூணு.

"என் காலா?" என்றார் பீப் சார், அது வேறு யாருடையதோ என்பதுபோலக் குனிந்து பார்த்து.

"தாளம் போட்டுட்டே வந்துச்சு. அருமையா போட்டுச்சு."

"அப்போ ஸ்பீக்கர் மேல தப்பில்லைல்ல? அது வண்டியிலயே இருக்கட்டும்ல?"

"தாராளமா இருக்கட்டும். பாட்டு எனக்கும் புடிச்சிருக்கு. அது அரை கிலோமீட்டர்தான் குடிக்குது. நாலரை குடிக்கிறதைத்தான் கழட்டணும்" என்று சாவிக்குக் கையை நீட்டினாள்.

இப்போதெல்லாம் பீப் சார் பேருந்தில் போகிறார். காலையில் நிறுத்தத்தில் நிற்கும்போது அந்தக் கார் டம் டம் என்று அவரைத் தாண்டிப் போகிறது.