டிகிரிக்காரர்கள் லிஃப்டில் கை வைக்கக்கூடாது

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பையனை டிப்ளமோவில் சேர்ப்பதா, டிகிரியில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு டிப்ளமோவில் சேர்த்துவிடு. காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நானும் உன்னைப் போல அப்பாவியாகத்தான் இருந்தேன். டிப்ளமோ சின்னது, டிகிரி பெரியது, பெரியதை வாங்கினால் சின்னது அதற்குள் அடக்கம் என்று நம்பி மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். டாக்டர், வக்கீல் தொழிலுக்கெல்லாம் டிகிரி கட்டாயம், இல்லாமல் செய்தால் போலீஸ் வரும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு டிப்ளமோ போதும். போதும் என்றால் அதற்கு மேல் கூடாது என்று அர்த்தமாம்! இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. உன் அக்கா மகளோ லிஃப்ட் மெக்கானிக் வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். லிஃப்ட் கம்பெனி மேனேஜர், "டிகிரிக்காரங்களை எடுத்தா பாதியில ஓடிடுறாங்க சார். டிப்ளமோ இருந்தா நாளைக்கே வரட்டும்" என்று கையை விரித்துவிட்டார். நேரே கல்லூரிக்குப் போய், "டிகிரியைக் கொஞ்சம் குறைச்சு டிப்ளமோவா மாத்திக் கொடுங்க" என்று கேட்டேன். பிரின்சிபால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

நானும் மகளும் மறுபடியும் மேனேஜரிடமே போனோம். மறுபடியும் முடியாது என்றார். ஆனாலும் மரியாதை தெரிந்தவர், கீழே வரை வழியனுப்ப மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு என்னோடு லிஃப்டில் ஏறினார். மகள் படியில் வருவதாகச் சொல்லிவிட்டாள். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றது, விளக்கும் அணைந்தது. லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்ட்! செல்போனில் சிக்னல் இல்லை. மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் வெளிவேலைக்குப் போயிருந்தார்கள்.

வெளியே மகளின் குரல் கேட்டது: "சார், நான் சரி பண்ணட்டுமா?"

"வேணாம்மா! டிகிரிக்காரங்க கை வைக்கக்கூடாது, கம்பெனி ரூல்! டிப்ளமோக்காரங்கதான் தொடணும்!"

"சரி சார். டிப்ளமோக்காரர் எங்க இருக்கார்?"

"இங்க, என் பக்கத்துல."

இருட்டில் மெக்கானிக் "வணக்கம்மா" என்றார்.

எனக்கு மூச்சு முட்டியது. "சார், அவ படிச்சதெல்லாம் எப்பவோ மறந்துட்டா! அரியர் வச்சுத்தான் பாஸ் பண்ணினா! உள்ளபடி பார்த்தா அது டிப்ளமோகூட இல்ல சார்!" என்று கெஞ்சினேன். பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது? மேனேஜர் மனம் இளகி, மூடிய கதவு வழியாகவே இன்டர்வியூவை ஆரம்பித்தார்.

"வேலைக்கு எடுத்தா ஓடிட மாட்டியே?"

"மாட்டேன் சார். இப்போ ஓட முடியாம நிக்கிறது நீங்கதான்."

"சரி, எடுத்துக்கிட்டேன்! கதவைத் திற!"

"அப்பா, சார் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா!"

"மெக்கானிக் அண்ணே, உங்களுக்கு?"

"நல்லா கேட்டுச்சு தாயி, சீக்கிரம்!"

விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒன்றும் தெரியாதது போல இறங்கியது. வேலை கிடைத்துவிட்டது, ஆனால் நான் பட்ட பாடு நீ படக்கூடாது. டிப்ளமோ முடித்தவன் நினைத்தால் பிறகு டிகிரிக்கு ஏறிக்கொள்ளலாம்; டிகிரியிலிருந்து இறங்கத்தான் வழியே இல்லை, நான் விசாரித்துவிட்டேன். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பையனுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
இன்னும் படியிலேயே ஏறி இறங்கும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்முன், லிஃப்டில் என்ன பழுது என்று மகளைக் கேட்டேன். "பழுதா? மெயின் சுவிட்சை நான்தானே அணைச்சேன்" என்கிறாள். இதை டிகிரியில் சொல்லித் தந்தார்களா, டிப்ளமோவில் சொல்லித் தருவார்களா என்று கேட்டேன். "அம்மா சொல்லித் தந்தாங்க" என்றாள். உன் அக்கா சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. பையனை எதிலும் சேர்க்க வேண்டாம். பெட்டியோடு இங்கே அனுப்பிவை, உன் அக்காவிடம் படிக்கட்டும்.