சத்தம் போடாத பிரேக்

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் சரி, சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தது குளியலறையில், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, மனசுக்குள். என் வீட்டில் நான் முடிவெடுக்கும் இடம் அதுதான்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். தங்கமான மனிதர். ஆனால் பாடுவார். சும்மா முணுமுணுப்பது இல்லை. மைக், ஆள் உயர ஸ்பீக்கர், பாட்டு வரி ஓட ஒரு டிவி, இத்தனையும் வைத்துக்கொண்டு பாடுவார். போன தடவை சாப்பிட்ட கையைக் கழுவக்கூட விடவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "எப்படி?" என்பார். பிரமாதம் என்றால் அடுத்த பாட்டு. பரவாயில்லை என்றால் அதே பாட்டு மறுபடியும். வாரத்துக்கு ஒரே ஒரு மதியத் தூக்கம் எனக்கு. அதைப் போய் இந்த மனிதருக்குத் தாரை வார்ப்பதா?

கடவுளாகப் பார்த்து எங்கள் காருக்கு ஒரு கீச்சுக் குரலைக் கொடுத்தார். நான் ரயிலில் ஆபீஸ் போகிறவன். வார நாளில் காரை ஓட்டுவது மனைவிதான். பிரேக்கை மிதித்தால் கீச்சென்று கத்துகிறது என்று திங்கட்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சத்தத்தில் செலவுதான் கேட்டிருக்கும். எனக்கு என் தலையணை கூப்பிடுவது கேட்டது.

"பிரேக் பேட் தேஞ்சு போச்சு" என்றேன், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"மாத்திட்டா போச்சு."

"அவ்ளோ சுலபம் இல்லம்மா. நூறு தினுசு இருக்கு. அதுல நம்ம காருக்கு நல்ல பேடாப் பாத்து எடுக்கணும். உயிர் விஷயம். அது வரைக்கும் மலைப்பாதைப் பக்கமே போகக் கூடாது."

சகலை வீடு மலைமேல் இருக்கிறது. அதை நான் வாயால் சொல்லவே இல்லை.

"நல்ல பேடா? பேர்லயே பேட்னு இருக்கே" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் உஷாராகியிருக்க வேண்டும். சட்டை கம்பெனி ஒன்றில் தையலில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

மறுநாளிலிருந்து ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. செல்போனில் வீடியோ பார்த்தேன். பார்த்ததை எல்லாம் சாப்பாட்டு மேஜையில் கொட்டினேன். செராமிக் என்றால் பீங்கானா, கீழே போட்டால் உடையாதா என்று அவள் கேட்டாள். பொறுமையாக விளக்கினேன்.

"செராமிக் சத்தமே போடாது. ஆனா இறக்கத்துல அவ்ளோவா நம்ப முடியாது."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க. இன்னொண்ணு?"

"செமி மெட்டாலிக். கெட்டியாப் பிடிக்கும். பிடிச்சா விடாது. ஆனா சத்தம் போடும்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவசரமாக மூன்றாவது தினுசான ஆர்கானிக்குக்குத் தாவினேன்.

இப்படியே வாரத்தை ஓட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் காரோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். முதல் சிக்னலில் பிரேக் போட்டாள். கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. எனக்குத்தான் பகீரென்றது.

"சத்தம் நின்னுடுச்சு பாத்தீங்களா? தானா சரியாயிடுச்சு போல. ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாமா?"

ஆபத்தில்தான் என் மூளை வேலை செய்யும். "ஐயோ, அதாம்மா ஆபத்தே" என்றேன். பேடில் ஒரு குட்டித் தகடு இருக்கும், பேட் தேய்ந்தால் அது உரசிக் கத்தி நம்மை எச்சரிக்கும், இப்போது அந்தத் தகடே தேய்ந்து ஒழிந்துவிட்டது என்று அவிழ்த்துவிட்டேன். "கத்துற பிரேக்கைக்கூட நம்பலாம். சத்தமே போடாத பிரேக்கை மட்டும் நம்பவே கூடாது."

எனக்கே புல்லரித்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். காரை உருட்டிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளே போய் அக்காவுக்கு போன் போட்டு, ஆமாக்கா, சத்தமே இல்லைக்கா, இவரேதான் சொன்னாரு என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பயணம் ரத்து. நான் தலையணைக்கு உறை மாற்றினேன்.

சனிக்கிழமை காலையில் காபியோடு ஒரு பேப்பர் பொட்டலத்தையும் கொண்டுவந்து வைத்தாள். பிரித்தேன். தேய்ந்து பிஸ்கட் கனத்துக்கு வந்திருந்த பிரேக் பேடுகள்.

"நம்ம காரோடதுதான். செவ்வாய்க்கிழமையே மாத்தியாச்சு" என்றாள்.

மெக்கானிக் கழற்றிக் கொடுத்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். என் சட்டைக்குப் பட்டன் வாங்குவது மாதிரி, பழசை மேஜைமேல் வைத்து, இதே மாதிரி கொடுங்கள் என்றிருக்கிறாள். என்ன கார், எந்த வருஷம் என்று கேட்டார்களாம். சொன்னாளாம். எடுத்துக் கொடுத்தார்களாம். என் ஒரு வார ஆராய்ச்சி அவ்வளவுதான்.

"என்ன பேட்? செராமிக்கா, மெட்டாலிக்கா?" என்றேன், பழக்க தோஷத்தில்.

"பொருந்துற பேட்."

அப்படியானால் நேற்று நான் அளந்ததை எல்லாம் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மானம் கப்பலேறிவிட்டது. சரி, நாளைக்குக் கிளம்பலாம் என்று சரணடைந்தேன்.

"நாளைக்கு இல்லைங்க, இன்னிக்கே. அத்தான் நடுங்கிப்போயிருக்காரு."

"அவருக்கு என்ன?"

"நீங்க சொன்னதை அக்காகிட்ட சொன்னேனா, அத்தான் ஓடிப்போய் அவங்க காரை எடுத்து பிரேக் போட்டுப் பாத்திருக்காரு. சத்தமே வரலையாம்."

"புது கார் அது. எப்படி வரும்?"

"அதெல்லாம் தெரியாது. நாலு சக்கரத்தையும் நீங்களே கழட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வண்டியைத் தொடுவாராம்."

"நான் சும்மா சொன்னேன்னு சொல்லிடேன்."

"ஓ, சும்மாதான் சொன்னீங்களா?"

காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அவள் என் தலையணையை எடுத்துத் தட்டி, பெட்டிக்குள் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை பூரா படுத்தே இருக்கணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? காருக்கு அடியில படுத்துக்கங்க. அத்தான் மைக்கோட பக்கத்துலயே நிப்பாரு."